மங்கல் தருக்கக் கட்டுப்படுத்தியும் மறைந்துபோன தொழிலாளியும்

'ஃபஸி லொஜிக்' எனப் பொறியியற் பீடத்தார் வழங்குவதும், தமிழில் மங்கல் தருக்கம் எனச் சொல்லத்தக்கதுமான துறை, கணிதமும் மின்னியலும் கற்றோருக்கு மாத்திரமே உரியது என்னும் எண்ணம் இலங்கைப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியுள்ளது. கலைப்பீடத்தார் அதுபற்றி வாய்திறப்பின் அது ஒன்றில் அத்துமீறலாக அல்லது வேடிக்கையாகக் கொள்ளப்படுகின்றது. இவ்வெண்ணம் கலைப்பீடத்தாருக்கு இழைக்கும் அநீதி பெரிதன்று; அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். மங்கல் தருக்கக் கட்டுப்படுத்திக்கு அது இழைத்துள்ள அநீதியே பெரிது. ஏனெனில் இக்கட்டுப்படுத்தி பிறந்தது சமன்பாட்டிலிருந்து அன்று, சொல்லிலிருந்து. தொழிற்சாலைக்குள் அது முதன்முதற் புகுந்தபோது அச்சொல் பேராசிரியரின் சொல்லாகவும் இருக்கவில்லை. உலையின் முன் நின்ற தொழிலாளியின் சொல்லாகவே இருந்தது. இன்று கணனித் திரையில் முக்கோணிகளை இழுத்தும் நகர்த்தியும் கட்டுப்படுத்தி வடிவமைக்கப் பழகும் மாணவர், இத்துறையின் மூலப்பொருளைக் கண்ணாலும் காணாது பட்டம் பெற்று வெளியேறுகின்றனர் என்பதே இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

அடிப்படையை முதலிற் சுருக்கமாக நோக்குதல் தகும். பாகூ நகரிற் பிறந்து, கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திற் பணியாற்றிய லொத்பி சாடே 1965ஆம் ஆண்டிலே 'மங்கல் தொடைகள்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். பாடசாலைக் கணிதத்தில் வரும் தொடையில் ஒரு பொருள் அங்கத்தவராக இருக்கும், அன்றேல் இராது. சாடேயின் தொடையிலோ அங்கத்துவம் 0 இற்கும் 1 இற்கும் இடைப்பட்ட எப்பெறுமானத்தையும் பெறலாம். 'உயரமானவர்' என்னும் தொடையில் ஒருவர் 0.6 அளவுக்கு அங்கத்தவர் எனக் கூறுதல் இங்கு பிழையாகாது. 1973இல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரையே கட்டுப்பாட்டுத் துறைக்கு வாயிலைத் திறந்தது. எண்ணைப் பெறுமானமாகக் கொள்ளும் மாறிகளுக்குப் பதிலாக, சொல்லைப் பெறுமானமாகக் கொள்ளும் மாறிகளை அதிலே அவர் முன்மொழிந்தார்.

'வெப்பநிலை கூடவும் ஒட்சிசன் குறைவாகவும் இருப்பின் எரிபொருளைச் சற்றுக் குறைக்க' என்பது போன்ற விதியைக் கணனி நிறைவேற்றுவதற்கு வேண்டியது இவ்வளவே: அளந்த எண் 'கூட' என்னும் தொடையில் எந்த அளவுக்கு அங்கத்தவர் எனக் காணல் வேண்டும், ஒவ்வொரு விதியும் அந்த அளவுக்குத் தன் முடிவை முன்வைத்தல் வேண்டும், முடிவுகள் யாவற்றையும் சேர்த்து, பெரும்பாலும் அவை அடைக்கும் பரப்பின் ஈர்ப்பு மையத்தைக் கண்டு, ஓர் எண்ணாகத் திருப்புதல் வேண்டும். இதில் மாயம் எதுவுமில்லை. ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடுதான் எப்போதும் கிடைக்கும். மங்கலாக இருப்பது சொல், கணிப்பு அன்று. ஆகவே கட்டுப்படுத்தியின் நன்மை தீமை முழுவதும் இரண்டு கேள்விகளுக்கு விடப்பட்டுள்ளது. எந்தச் சொற்கள்? எவருடைய விதிகள்?

இலண்டன் குயீன் மேரிக் கல்லூரியில், தன்சானியாவிற் பிறந்தவரான எப்ராகிம் மம்தானியும் அவரது மாணவர் அசிலியனும் ஆய்வுகூடத்து நீராவி யந்திரமொன்றின் மீது நடத்தி 1975இல் வெளியிட்ட பரிசோதனை இக்கேள்விகளுக்கு முதல் விடையாகும். கொதிகலத்தின் அமுக்கத்தையும் யந்திரத்தின் வேகத்தையும் நிலைநிறுத்துவதே நோக்கம். விலகலைக் குறிக்க அவர்கள் வகுத்த சொற்களுள் ஒரு விசித்திரம் உண்டு. பூச்சியத்தையே அவர்கள் இரண்டாகப் பிளந்தனர். சற்று மேலாக நிற்கும் பூச்சியம் ஒன்று, சற்றுக் கீழாக நிற்கும் பூச்சியம் மற்றொன்று. கணிதத்தில் பூச்சியத்துக்கு மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் இல்லை. ஆனால் அமுக்கமானியின் ஊசியைப் பார்த்துக்கொண்டு வாயிலின்மேற் கைவைத்து நிற்பவருக்கு அவ்விரண்டும் ஒன்றல்ல. மேலிருந்து இறங்கிவரும் ஊசிக்கும் கீழிருந்து ஏறிவரும் ஊசிக்கும் கை வெவ்வேறாகவே அசையும். இவ்வேறுபாட்டை எந்தச் சமன்பாடும் கற்பிப்பதில்லை. யந்திரத்தோடு பழகியோர் சொல்லும்போது அது தானாகவே வந்துவிடுகின்றது.

எனினும் ஆய்வுகூட யந்திரம் ஒரு விளையாட்டுப் பொருளே. மங்கல் தருக்கம் உண்மையான உழைப்பைச் சந்தித்தது டென்மார்க்கின் சீமெந்துத் துறையிலாகும். சீமெந்துச் சுழலுலை என்பது உள்ளே தீச்செங்கல் பதித்த நீண்ட உருக்குக் குழாய். சற்றுச் சரிவாகப் படுத்திருந்து மெல்லச் சுழலும். மேல் முனையிற் சுண்ணாம்புக் கல்லும் களியும் சேர்ந்த மூலக்கலவை இடப்படும். கீழ் முனையிலே தீச்சுவாலை. கலவை இறங்கி வந்து எரிவலயத்தில் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசில் கிளிங்கராக மாறவேண்டும். சூடு போதாவிடின் சேர்க்கையுறாத சுண்ணாம்பு எஞ்சிச் சீமெந்து கெடும். சூடு மிஞ்சினால் எரிபொருள் வீணாவதோடு செங்கற் படையும் சிதையும். எரிவலயத்துள் புழுதி மண்டியிருப்பதால் வெப்பநிலையை நம்பத்தக்கவாறு அளத்தல் அரிது. ஆய்வுகூடத்திலிருந்து சுண்ணாம்பு பற்றிய முடிவு வருவதற்குள் கெடவேண்டியது கெட்டுவிடும். ஓர் இடத்தில் செய்த மாற்றம் மற்றோர் இடத்தில் நெடுநேரம் கழித்தே தெரியவரும். சமன்பாடு எழுத முயன்ற பொறியியலாளர் பலரை இவ்வுலை தோற்கடித்துள்ளது.

ஆயினும் உலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கறுத்தக் கண்ணாடியூடாகச் சுவாலையை நோக்கியும், உருளும் கிளிங்கரின் நிறத்தையும் பருமனையும் பார்த்தும், உலையைச் சுழற்றும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஏறுகின்றதா இறங்குகின்றதா எனக் கவனித்தும் அவற்றை ஓட்டிவந்தவர்கள் உலை இயக்குநர்களாகிய தொழிலாளரே. 1972இல் வெளிவந்த, பெரே, வடெல் ஆகியோரின் சுழலுலை பற்றிய கைநூல் இவர்களின் பயிற்சிக்கெனவே எழுதப்பட்டது. எரிவலயச் சூடு, பின்முனைச் சூடு, வெளியேறும் வாயுவிலுள்ள ஒட்சிசன் என்னும் மூன்றையும் 'குறைவு, சரி, கூட' என்னும் மூன்று சொற்களால் மதிப்பிட்டு, அதனால் விளையும் 27 நிலைகளுக்கும் செய்யவேண்டியவற்றை அந்நூல் வகுத்துக் கூறுகின்றது. மங்கல் தருக்கத்தை அறியாமலே எழுதப்பட்ட மங்கல் விதித்தொகுதி அது! எப். எல். ஸ்மித் என்னும் டென்மார்க் நிறுவனத்தின் ஹோல்ம்பிளாட், ஒஸ்தர்கோர் ஆகிய பொறியியலாளர் 1970களின் பிற்பகுதியில் உலையில் நிகழ்த்திய பரிசோதனைகளின் பெருமை எதிலே தங்கியுள்ளது? புதிய கணிதத்தைக் கண்டுபிடித்ததில் அன்று. இயக்குநர் எவ்வாறு பேசுகின்றாரோ அவ்வாறே அவரது விதிகளைக் கணனிக்குள் இட்டதில்தான். 1980களின் தொடக்கத்தில் அக்கட்டுப்படுத்தி விற்பனைப் பொருளாகியது. 1987இல் யப்பானின் செண்டாய் நகரச் சுரங்கப் புகையிரதத்திலே ஹிட்டாச்சி நிறுவனம் பொருத்திய கட்டுப்படுத்தியும் தேர்ந்த சாரதிகளின் ஓட்டும் முறையையே தன் விதிகளுக்கு ஆதாரமாகக் கொண்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். டென்மார்க்கில் நிகழ்ந்ததைத் தொழிலாளிக்குச் சூட்டப்பட்ட மலர்மாலையாகக் கொள்ளலாகாது. தொழிலாளரிடம் வழிவழியாகத் திரண்டிருக்கும் அறிவையெல்லாம் முகாமைத்துவம் சேகரித்து விதிகளாக்கித் தன் வசப்படுத்த வேண்டும் என 1911இலேயே பிரடெரிக் டெயிலர் எழுதிவிட்டார். அந்த வேலைத்திட்டம் உழைப்பாளியிடமிருந்து சிந்தனையை எவ்வாறு பிரித்தெடுத்தது என்பதை ஹரி பிரேவர்மன் 1974இல் விரிவாக எடுத்துக்காட்டினார். மங்கல் கட்டுப்படுத்தியும் அவ்வேலைத்திட்டத்தின் பிள்ளையே. தொழிலாளியின் சொல் எழுதிக்கொள்ளப்பட்டது. அதற்குரிய ஊதியமோ பெயரோ அவருக்கு வழங்கப்பட்டதெனக் கொள்ள இடமில்லை. எனினும் ஒரு வேறுபாட்டை மறுத்தலும் ஆகாது. எழுதப்பட்ட விதி வாசிக்கத்தக்கது. 'இந்த விதி பிழை, இந்நிலையில் நாங்கள் அப்படிச் செய்வதில்லை' என்று உலை இயக்குநர் ஒருவர் விரல் வைத்துக் காட்டத்தக்கது. ஏனைய கட்டுப்பாட்டு முறைகள் அவருக்கு அளிக்காத வாய்ப்பு இது.

இவ்வாய்ப்பைத்தான் மென்பொருட் கருவிகள் வந்து குலைத்தன. 1990ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் மங்கல் கட்டுப்படுத்தி வடிவமைப்பதற்கெனத் தனி மென்பொருள்கள் சந்தைக்கு வரத் தொடங்கின. 1990களின் நடுப்பகுதியில் மட்லாப்பின் மங்கல் தருக்கப் பெட்டகம் வெளிவந்து பல்கலைக்கழகங்கள் எங்கும் பரவிற்று. சர்வதேச மின்றொழினுட்ப ஆணைக்குழு 2000இல் 61131-7ஆம் இலக்க நியமத்தை வெளியிட்டு, இக்கட்டுப்படுத்திகளை எழுதுவதற்கு ஒரு பொதுமொழியையும் வகுத்தது. இன்று ஜாவா மொழியாளருக்கும் பைதன் மொழியாளருக்கும் இலவசத் தொகுதிகள் உண்டு. இவற்றின் பயன் மறுக்கத்தக்கதன்று. முன்னர் கையால் அட்டவணை போட்டு நாட்கணக்கிற் செய்த வேலை இன்று சில நிமிடங்களில் முடிகின்றது. விதி ஒன்றை மாற்றியவுடன் கட்டுப்பாட்டுப் பரப்பு எவ்வாறு வளைகின்றது என்பதை முப்பரிமாணத்திற் காணலாம். பொதுமொழி நியமத்தைப் பொறுத்தவரை, அது விதிகளை வாசிக்கத்தக்க வாக்கியங்களாகவே வைத்திருக்கின்றமை பாராட்டுக்குரியது. குற்றம் கருவி உள்ளது என்பதில் இல்லை. கருவி எந்த இடத்திலிருந்து வேலையைத் தொடங்கக் கற்பிக்கின்றது என்பதிலேதான் குற்றம் உள்ளது.

மட்லாப்பிலே புதிய மாறி ஒன்றுக்கு மூன்று தொடைகள் வேண்டுமெனக் கேட்டுப் பெயர் எதுவும் கூறாவிடின், சம இடைவெளியில் மூன்று முக்கோணிகள் தோன்றும். 'எம்.எப். 1, எம்.எப். 2, எம்.எப். 3' என அவற்றுக்குப் பெயரும் சூட்டப்பட்டிருக்கும். சொல்லிலிருந்து பிறந்த துறையிலே சொல் ஓர் இலக்கமாகிவிட்டது. பைதன் மொழியின் சைக்கிட்-ஃபஸி இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. அதன் தானியங்கி வசதியிடம் மூன்று எனக் கேட்டால் 'மோசம், சாதாரணம், நன்று' என்னும் மூன்று சொற்களையும், ஏழு எனக் கேட்டால் படுமோசத்தில் தொடங்கி மிகச்சிறப்பில் முடியும் ஏழு சொற்களையும் அது தானே அளிக்கும். மாறி உலையின் சூடாயினும் சரி, வண்டியின் வேகமாயினும் சரி, நோயாளியின் குருதி அமுக்கமாயினும் சரி, அதே சொற்களே. உலைச்சூடு 'நன்று' என்றால் என்ன பொருள்? அதிகச் சூடு நன்றா? எவருக்கு நன்று? இக்கேள்விகள் மாணவருக்கு எழுவதற்கு முன்னரே திரையில் வரைபு வந்துவிடுகின்றது. வரைபு வந்ததும் வேலை முடிந்த நிறைவும் வந்துவிடுகின்றது.

இதைவிடப் பெரிய கேடு பயிற்சி உதாரணத்தில் உள்ளது. மட்லாப்பின் கைநூலை எடுத்தாலும், ஜாவாவின் ஜே-ஃபஸி-லொஜிக்கை எடுத்தாலும், சைக்கிட்-ஃபஸியை எடுத்தாலும் தொடக்க மாணவரை வரவேற்பது ஒரே உதாரணம். அது உலையுமன்று, யந்திரமுமன்று. உணவகத்திற் பரிமாறும் பணியாளருக்கு எவ்வளவு 'சந்தோசம்' கொடுக்கலாம் என்னும் கணக்கு. மட்லாப்பின் கைநூலில் பரிமாறல் மோசம், நன்று, மிகச்சிறப்பு என மூவகை. உணவு பழுதானது, சுவையானது என இருவகை. கைப்பணமோ ஏறத்தாழ 5, 15, 25 சதவீதங்களை மையமாகக் கொண்ட மூன்று முக்கோணிகள். பரிமாறல் மோசம் அல்லது உணவு பழுது எனின் பணம் கொஞ்சம் என்பது அதன் முதல் விதி. உணவு பழுதானதற்குப் பரிமாறியவர் என்ன செய்வார் என்று கேட்பார் எவருமில்லை!

சற்று நின்று நோக்குவோமாயின் இவ்வுதாரணம் முழுத்துறையையும் தலைகீழாகக் கவிழ்த்திருப்பது புலப்படும். டென்மார்க் உலையிலே வேலை தெரிந்தவர் தொழிலாளி. அவரது சொல் விதியாகி யந்திரத்தை ஆண்டது. உணவகக் கணக்கிலே வேலை தெரிந்தவராகக் கொள்ளப்படுபவர் மேசையில் அமர்ந்து உண்பவர். அவரது சொல் விதியாகி ஆளுவது எதனை? தொழிலாளியின் கூலியை! விதியை அளித்தவராக இருந்த உழைப்பாளி, விதியால் அளக்கப்படும் உள்ளீடாகிவிட்டார். பூச்சியத்திலிருந்து பத்துவரை புள்ளியிடப்படும் ஒரு மாறி அவர். இவ்வுதாரணத்தை எழுதியோர் தீய நோக்கத்தோடு எழுதினர் எனக் கூறுவதற்கில்லை. எவருக்கும் எளிதில் விளங்கவேண்டும் என்றே தெரிந்தெடுத்திருப்பர். ஆனால் எவருக்கு எளிது? 15 சதவீதக் கைப்பணம் அமெரிக்க வழக்கம். சேவைக் கட்டணத்தைச் சிட்டையிலேயே சேர்த்துவிடும் கொழும்பு உணவகத்துக்கும், தேநீர்க் காசை மேசையில் வைத்துவிட்டு எழும் பேராதனைச் சாப்பாட்டுக் கடைக்கும் அக்கணக்கு பொருந்தாது. இலங்கை மாணவர் தாம் ஒருபோதும் கொடுத்தறியாத பணத்துக்கு, தாம் உணர்ந்தறியாத சொற்களைக்கொண்டு முக்கோணி வரைந்து புள்ளி பெறுகின்றனர். வேலை தெரிந்த ஒருவரிடம் சென்று கேட்டறிதல் என்பது வடிவமைப்பின் பகுதியே அன்று என்னும் பாடத்தை முதல் நாளிலேயே அவர்கள் கற்றுக்கொள்கின்றனர்.

இதற்குப் பொறியியலாளர் கூறும் மறுமொழி ஒன்றுண்டு, அது வலுவானதே. தொழிலாளியைக் கேட்டெழுதும் காலம் போய்விட்டது, இன்று தரவுகளைக்கொண்டே முக்கோணிகளைத் திருத்திக்கொள்ளலாம் என்பர். 1993இல் ஜாங் அறிமுகப்படுத்திய முறை, நரம்பு வலையமைப்பின் கற்றல் வழியைப் பயன்படுத்தி அங்கத்துவச் சார்புகளைத் தானே சீர்செய்கின்றது. மட்லாப்பிலும் அது உள்ளது. தொழிலாளி கூறும் எண்ணைவிட அது தரும் எண் பலவேளைகளிற் பிழை குறைந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் அவ்வாறு திருத்தப்பட்ட பின்னர் 'கூட' என்னும் வளையி 'சரி' என்னும் வளையியின்மீது ஏறிப் படுத்துக்கொள்ளக்கூடும். 'குறைவு' எங்கேனும் ஓர் ஓரத்தில் ஒடுங்கிப்போகக்கூடும். அப்போது அவை சொற்களல்ல. சொற்களின் முகமூடி அணிந்த பரமானங்கள். அத்தகைய கட்டுப்படுத்தியைச் செய்யவேண்டாம் என எவரும் தடுக்கவில்லை. அதனை இடைக்கணிப்பு என நேர்மையாகப் பெயரிட்டு அழைப்பதே முறை. மனிதர் பேசும் மொழியில் விளக்கம் தருவது என்று விளம்பரம் செய்துவிட்டு, மனிதர் எவரும் பேசாத மொழியை உள்ளே வைத்திருத்தல் ஏமாற்றாகும்.

மேலும், இத்துறையின் கடுமையான விமர்சகர் ஒருவரே இவ்வாதத்துக்குத் துணைநிற்கின்றார். சார்ள்ஸ் எல்க்கன் 1993இல் மங்கல் தருக்கத்தின் முரணான வெற்றி பற்றி எழுதிய கட்டுரை அத்துறையினரைப் பெரிதும் சினங்கொள்ளச் செய்தது. நடைமுறையிலுள்ள கட்டுப்படுத்திகளில் விதிகள் நூற்றுக்கும் குறைவு, பலவற்றில் இருபதுக்கும் குறைவு. ஒரு விதியின் முடிவு மற்றொரு விதிக்கு ஆதாரமாகும் நீண்ட அனுமானச் சங்கிலிகள் அங்கு இல்லை. ஆகவே அவற்றின் வெற்றிக்கு மங்கல் தருக்கத்தின் தருக்கப் பகுதி காரணமன்று என்பது அவர் காட்டியதாகும். சினங்கொள்வதற்கு இதில் என்ன உண்டு? தருக்கம் காரணமன்று எனின் விதிகளின் உள்ளடக்கம் பெருங்காரணமாதல் வேண்டும். இருபது விதிகள் ஓர் உலையை ஓட்டுமாயின், அவ்விருபதையும் தெரிந்தெடுத்துச் சொன்ன அனுபவத்தின் பெறுமதி என்ன என்பதே எல்க்கனிடமிருந்து பெறவேண்டிய பாடம்.

பொறியியற் பீடத்தார் கருவியிலே மயங்குகின்றனர் எனின், கலைப்பீடத்தாரிற் சிலரை வேறொரு மயக்கம் பிடித்துள்ளது. மங்கல் தருக்கம் என்பது கீழைத்தேய ஞானம்; அரிஸ்டோட்டிலின் 'ஆம்-இல்லை'யை முறியடித்துப் புத்தரின் சிந்தனை யந்திரத்துள் புகுந்துவிட்டது என்று பெருமிதம் கொள்வோர் அவர்கள். அமெரிக்கராகிய பார்ட் கொஸ்கோ 1993இல் வெளியிட்ட நூல் இக்கதையை உலகெங்கும் பரப்பிற்று. பேராதனையிலே மெய்யியல் கற்பித்த கே. என். ஜயதிலக்க 1963இல் ஆதிபௌத்த அறிவுக்கொள்கை பற்றி எழுதிய பெருநூலைப் புரட்டிப் பார்த்தோர் இக்கதையை இவ்வளவு இலகுவில் நம்பியிருக்கமாட்டார்கள். பிரமஜால சுத்தத்திலே உலகின் எல்லை பற்றி வரும் நான்கு கொள்கைகளில் மூன்றாவது, உலகம் எல்லையுடையதும் எல்லையற்றதும் ஆகும் என்பது. மேலும் கீழும் எல்லையுண்டு, பக்கவாட்டில் எல்லையில்லை என்பது அதன் கருத்து. இதில் 0.6 எங்கே உள்ளது? இரு வேறு திசைகள் பற்றிய இரண்டு தெளிவான கூற்றுக்களே அங்கு உள்ளன. தமிழ்ப் பெருமை பேசுவோருக்கும் இதே விடைதான். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை கற்பிப்பது மங்கலை அன்று; பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி என்று அனுமானத்தின் பிழைகளை ஈவிரக்கமின்றிப் பகுத்துக்காட்டும் கண்டிப்பையாகும். உலை இயக்குநரின் அறிவைப் புத்தருக்கோ சாத்தனாருக்கோ உரிமையாக்குதல், அதனை மென்பொருளுக்கு உரிமையாக்குவதைப் போன்றதொரு பறிப்பே.

கலைப்பீடத்தார் இத்துறைக்கு அளிக்கக்கூடியது பழம்பெருமையன்று. சொல்லைக் கேட்கும் பயிற்சியாகும். அப்பயிற்சி எத்துணை வேண்டப்படுகின்றது என்பதற்குத் தமிழர் அன்றாடம் வழங்கும் ஒரு சொல்லே போதும். பனங்கட்டி காய்ச்சுவோரும் பாகு காய்ச்சுவோரும் 'பதம்' என்கின்றனர். பதம் வரவில்லை, பதம் வந்துவிட்டது, பதம் தப்பிவிட்டது. மூன்று நிலைகள், திரையிலே மூன்று முக்கோணிகளை வரைந்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் கிடையச்சில் எதனை எழுதுவது? வெப்பநிலையை என்பார் பொறியியலாளர். காய்ச்சுபவரோ வெப்பமானியைப் பார்ப்பதில்லை. துளி பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கின்றார். இரு விரலிடையே இழுத்துக் கம்பி ஓடுகின்றதா எனப் பார்க்கின்றார். குமிழி வெடிக்கும் ஓசையையும் கேட்கின்றார். 'பதம்' என்பது ஓர் எண்ணின் மங்கலான பெயரன்று. ஒரு சோதனைச் செயலின் முடிவுக்கு வழங்கும் பெயர் அது. அது பாகுக்கு ஒருவிதமாகவும் சோற்றுக்கு வேறுவிதமாகவும் இருக்கும். மழைநாளிலே சற்று மாறவுங் கூடும். 'கூட' என்று உலை இயக்குநர் சொல்லும்போதும் இவ்வாறான செயல் ஒன்று அச்சொல்லின் பின்னால் நிற்கின்றது. அச்செயலைக் கண்டறியாது முக்கோணியின் உச்சியை எங்கே நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்போர் குருட்டடியாகவே தீர்மானிக்கின்றனர். பிறகு கட்டுப்படுத்தி தளம்பும்போது எந்த விதியைத் தொடுவது என்றும் அவர்களுக்குத் தெரிவதில்லை. முக்கோணியின் அகலத்தை மாற்றி மாற்றிப் பார்க்கின்றனர். அதற்கும் கருவியில் ஒரு பொத்தான் உண்டு.

இலங்கையைப் பொறுத்தவரை இச்சிக்கல் இருமடங்காகின்றது. பொறியியல் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுகின்றது. தொழிற்சாலையில் வேலை தமிழிலும் சிங்களத்திலும் நடைபெறுகின்றது. கட்டுப்படுத்தி ஒன்று வடிவமைக்கப்படும்போது இடையிலே ஒரு மொழிபெயர்ப்பு நிகழ்ந்தே தீரும். அதனைச் செய்பவர் மொழிபெயர்ப்பதாகவே உணர்வதில்லை. 'கொஞ்சம் இளகினமாதிரி' எனத் தொழிலாளி கூறுவது குறிப்பேட்டில் 'லோ' என ஏறிவிடுகின்றது. இளகுதலும் குறைதலும் ஒன்றா? மொழியியல் பயிலும் முதலாமாண்டு மாணவருக்கும் அவை ஒன்றல்ல எனத் தெரியும். ஆனால் அவர் அங்கே இல்லை. அவரை அழைக்கவேண்டும் என்று எவரும் நினைப்பதுமில்லை. செயற்றிட்ட அறிக்கைகளில் மென்பொருளின் பெயரும் பதிப்பிலக்கமும் பிழையின்றி இடம்பெறுகின்றன. ஒவ்வொரு சொல்லையும் எவர் கூறினார், எந்த மொழியிற் கூறினார், எதனைக் காட்டிக் கூறினார் என்பதற்கு ஒரு பக்கமேனும் ஒதுக்கப்பட வேண்டும் என்று விரிவுரையாளர்கள் கேட்பார்களாயின், மாணவர் பலர் முதன்முறையாகத் தொழிற்சாலையொன்றின் வாயிலை மிதிக்க நேரிடும்.

காங்கேசன்துறையிலே சீமெந்துத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அவ்வூரின் சுண்ணாம்புக் கல்லையே சுட்டு நாற்பது ஆண்டளவில் சீமெந்து தந்த அத்தொழிற்சாலை, போரின் காரணமாக 1990இல் மூடப்பட்டது. அங்கும் சுழலுலைகள் ஓடின. அங்கும் கறுத்தக் கண்ணாடியூடாகச் சுவாலையைப் பார்த்து நின்றவர்கள் இருந்தனர்; அவர்கள் ஒருவரோடொருவர் தமிழிலேயே பேசினர். எரிவலயம் சூடேறும்போது, கிளிங்கர் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும்போது, முறைமாற்றத்தில் வரும் அடுத்தவரிடம் உலையை ஒப்படைக்கும்போது அவர்கள் எந்தச் சொல்லைச் சொன்னார்கள்? 1990இல் முப்பது வயதினராய் அவ்வுலையின் முன் நின்றவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர்.